காஞ்சிப் பட்டும் பொய் ஜரிகையும்

தமிழ்நாட்டுக் குடும்பங்களில் பட்டுப்புடவை என்பது, சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில், விசேஷ தினங்களில் உடுத்திக் களைவதற்கான வஸ்திரமாக மட்டும் எண்ணப்பட்டதில்லை. நகை, வெள்ளிப் பாத்திரம், குத்துவிளக்கு ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்டு, பெண்ணோடு புக்ககம் சென்று, அவள் பேத்தியின் காலம் வரை பெட்டியில் கிடந்து, கஷ்டம் வந்தபோது கைகொடுக்கும் ஆஸ்தியாகவும் அது மதிக்கப்பட்டது. அந்த மதிப்புக்குக் காரணம் பட்டு அன்று. பட்டு நாளடைவில் நையும், மடிப்பில் இற்றுப்போகும். நைந்த பிறகும் விலைபோகும் வெள்ளி அதன் கரையிலும் முந்தியிலும் ஜரிகையாக ஓடிக்கொண்டிருந்ததே காரணம். ஆகவே காஞ்சிபுரத்துப் புடவையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர், நெசவின் சிறப்பை எவ்வளவு வருணித்தாலும், அந்த வெள்ளியின் கதையைச் சொல்லாவிட்டால் பாதிக் கதையைத்தான் சொன்னவராவார். அந்த வெள்ளி எவர் கண்ணெதிரில், எவருடைய சம்மதத்தோடு செம்பாக மாறிற்று என்பதையும் கேட்கவேண்டும்.

ஜரிகை காஞ்சியில் பிறந்த பொருளன்று. பல தலைமுறைகளாக அது குஜராத்திலுள்ள சூரத் நகரத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பிரான்ஸ் தேசத்து ஜரிகையும் ஒரு காலத்தில் கப்பலேறி வந்து நம் தறிகளில் இடம்பெற்றது. வெள்ளிக் கட்டியைக் கம்பியச்சின் துளைகள் வழியே, பெரிய துளையிலிருந்து சிறிய துளைக்காக, இழுத்து இழுத்து மயிரிழை போன்ற கம்பியாக்கி, அந்தக் கம்பியை உருளைகளின் இடையே செலுத்தித் தட்டையாக்கி, சிவப்புச் சாயம் ஏற்றிய பட்டு நூலின்மேல் இடைவெளி தெரியாதபடி சுற்றி, அதன்பின் பொன்முலாம் பூசுவது அசல் ஜரிகையின் செய்முறை. மின்சார முலாம் வருவதற்கு முன்னர், வெள்ளிக் கட்டியின்மீதே பொன் தகட்டைப் போர்த்தி, காய்ச்சி ஒட்டவைத்து, இரண்டையும் ஒன்றாகவே கம்பியாக இழுத்து வந்தார்கள். நெசவாளர்கள் இதை மார்க்கு என்னும் நிறையால் வாங்குவார்கள். ஒரு மார்க்கு ஏறக்குறைய 242 கிராம். காஞ்சிப் பட்டின் ஜரிகையில் 57 சதவீதம் வெள்ளியும் 0.6 சதவீதம் பொன்னும் இருக்கவேண்டும் என்பது புவிசார் குறியீட்டுக்காக வகுக்கப்பட்ட இலக்கணம். எஞ்சியது உள்ளே ஓடும் பட்டு நூலும் செம்பும். நூற்றுக்கு ஒரு பங்குகூட வராத பொன் கண்ணுக்குத் தெரிகிறது. பாதிக்கு மேற்பட்ட வெள்ளியோ அந்தப் பொன்னின் அடியில் கண்ணுக்குத் தெரியாமல் கிடக்கிறது. வாங்குகிறவள் பணம் கொடுப்பது பெரும்பாலும் தெரியாத பொருளுக்கு. அவளை மயக்குவதோ தெரிகின்ற பொருள். போலி நுழைவதற்கான வாசல் ஜரிகையின் இந்த அமைப்பிலேயே திறந்து கிடந்தது.

ஆயினும் நெடுங்காலம் அந்த வாசலில் ஒரு காவலன் இருந்தான். பட்டணத்துத் தெருக்களிலும் கிராமத்து அக்கிரகாரங்களிலும், மத்தியான வேளைகளில், பழைய பட்டுப்புடவையும் ஜரிகை வேஷ்டியும் வாங்குவதாகக் கூவிக்கொண்டு வந்த வியாபாரியைத்தான் சொல்கிறேன். திண்ணையில் உட்கார்ந்து, மடியில் புடவையை விரித்து, கரையிலிருந்து ஓர் இழையை நகத்தால் நெருடி எடுத்து, அதன் மேலுறையை உரித்துப் பார்ப்பான். உள்ளே சிவந்த பட்டு தெரிந்தால் முகம் மலரும். வெள்ளைப் பருத்தி நூலோ வேறு செயற்கை நூலோ தெரிந்தால் புடவையை மடிக்கத் தொடங்கிவிடுவான். சந்தேகம் தீராவிட்டால் மடியிலிருந்து உரைகல்லை எடுத்து ஜரிகையை அதில் அழுத்தித் தேய்ப்பான்; வெள்ளிக் கோடு வெளிறியும் செம்புக் கோடு சிவந்தும் விழும். “இது முழு ஜரிகைம்மா, எடை போட்டுடலாம்” என்பதும், “இதுல வெள்ளி கிடையாதும்மா, வெறும் செம்பு, வேணும்னா ஒரு எவர்சில்வர் கிண்ணம் தரேன்” என்பதும் அவன் வழங்கிய இருவகைத் தீர்ப்புகள். அவன் வாங்கிச்சென்ற புடவைகள் நெருப்பில் இடப்பட்டு, பட்டு எரிந்து சாம்பலாகி, அந்தச் சாம்பல் அலசப்பட்டு, வெங்காரம் சேர்த்துக் குகையில் உருக்கப்பட்டு, வெள்ளிக் கட்டியாகத் திரும்பிவரும். அந்தக் கட்டியைத் திராவகத்தில் கரைத்தால் வெள்ளி கரைந்துபோக, பொன் மட்டும் கருத்த பொடியாக அடியில் தங்கும்.

இந்த எளிய மனிதனுடைய தொழிலில் அடங்கியிருந்த சமூக நியாயம் சாமானியமானதன்று. கடைக்காரர் கல்யாணத்தின்போது சொன்ன வார்த்தை, முப்பது வருஷங்களுக்குப் பிறகு, அவர் மகன் அதே வீதியில் அதே கடையை நடத்திக்கொண்டிருக்கும்போது, ஒரு திண்ணையில் பரீக்ஷைக்கு வந்தது. புடவையில் வெள்ளி இல்லை என்று தெரிந்த வீட்டார் வழக்குமன்றத்துக்குப் போகவில்லை. அடுத்த கல்யாணத்துக்கு வேறு கடைக்குப் போனார்கள், தங்கள் சம்பந்திகளையும் அங்கேயே அனுப்பினார்கள். தீர்ப்பு தாமதமாக வந்தாலும் நிச்சயமாக வரும் என்ற அச்சம் வியாபாரியைக் கட்டிப்போட்டிருந்தது. புடவை என்றாவது ஒரு நாள் உருக்கப்படும் என்ற எண்ணம் வாங்குகிறவர் மனத்தில் இருந்த வரையில் பொய் ஜரிகைக்குப் பெரிய சந்தை உண்டாகவில்லை என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

சரக்கின் தரத்தைக் காப்பது பற்றிய கவலை நம் நாட்டில் மிகப் பழையது. கௌடில்யருடைய அர்த்தசாஸ்திரம், மட்டமான பொருளை உயர்ந்ததென்று விற்பவனுக்கு மட்டுமன்றி, ஓரிடத்தில் விளைந்த சரக்கை வேறோரிடத்துச் சரக்கென்று சொல்லி விற்பவனுக்கும் தண்டம் விதிக்கிறது. ஊர்ப் பெயரைத் திருடுவதும் திருட்டே என்ற கருத்து அத்தனை காலத்துக்கு முன்பே தோன்றிவிட்டது. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ட மதுரைப் பொற்கடை வீதியில், எந்தக் கடையில் எந்த வகைப் பொன் கிடைக்கும் என்பதை வருவோர் மயங்காமல் அறியும்படி கொடிகள் கட்டியிருந்ததாக இளங்கோவடிகள் காட்டுகிறார். காஞ்சியைப் பொறுத்த வரையில் இன்னொரு செய்தி எனக்கு மிகவும் உவப்பானது. உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று, அந்நகரில் பட்டுச்சாலியர் வாழ்ந்த சேரிகளைப் பெயர் சுட்டிக் கூறி, உலகளந்த பெருமாள் கோயிலின் காரியங்களைக் கவனிக்கும் பொறுப்பை அந்தச் சேரியார்வசம் வைக்கிறது. துணி நெய்தவர்களை நம்பிக் கோயில் சொத்தை ஒப்படைத்த ஊர் அது. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அதே ஊரின் பெயரைத் தைத்த சீட்டுகளைச் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை வந்திருப்பதை நினைத்தால் மனம் வருந்தாமல் இருக்க முடியவில்லை.

ஆங்கிலேயர் காலத்தில், வாங்குகிறவனுக்கும் நெய்கிறவனுக்கும் இடையே கடல் வந்து நின்றது. மாஞ்செஸ்டர் துணிகளை வாங்கிய நம் நாட்டார், நெய்தவனை அறியார். ஆங்கில எழுத்தையும் பெரும்பாலோர் அறியார். துணிக் கட்டின்மேல் ஒட்டியிருந்த வர்ணப் படத்தை மட்டும் அறிவார்கள். லக்ஷ்மி, கிருஷ்ணன், யானை, புலி என்று நம் ஜனங்களின் மனத்தைக் கவரும் படங்களை அச்சிட்டு அங்கிருந்தே அனுப்பினார்கள். சென்ற முறை வாங்கிய யானைத் துணி நன்றாக உழைத்தது என்றால் மறுமுறையும் யானையையே கேட்பது வழக்கமாயிற்று. ஆகவே இன்னொருவன் துதிக்கையைச் சற்றே வளைத்து, அம்பாரியின் நிறத்தை மாற்றி, வேறோர் யானையை அச்சிட்டால் அவன் சரக்கும் விற்றுவிடும். துணியைப் பரீக்ஷித்து வாங்கும் பழக்கம் படத்தைப் பார்த்து வாங்கும் பழக்கமாக மாறியபோது, போலி செய்பவனுடைய வேலையும் எவ்வளவோ எளிதாகிவிட்டது. அவன் துணியைப் போலச் செய்யவேண்டிய சிரமம் நீங்கி, படத்தைப் போலச் செய்தாலே போதும் என்றாயிற்று.

இதைத் தடுக்க 1889-ஆம் ஆண்டில் இந்திய வணிகச் சரக்குக் குறிகள் சட்டம் பிறந்தது. பொய் விவரணம் குற்றமாயிற்று; ஆலைத் துணிகளின் நீளத்தைக் கஜக் கணக்கில் முத்திரையிடவேண்டும் என்ற விதியும் அதில் உண்டு. ஆனால் வணிகக் குறியைப் பதிவு செய்துகொள்ளும் வசதி நம் நாட்டில் 1940-ஆம் ஆண்டுச் சட்டம் வரையில் இல்லை. அதற்கு முன்பு வியாபாரிகள் தங்கள் குறி தங்களுடையதே என்று ஒரு பிரகடனத்தைப் பத்திரப் பதிவு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, பத்திரிகைகளில் எச்சரிக்கை விளம்பரம் செய்வதோடு திருப்தியடைந்தார்கள். போலிகளைக் கண்டு ஏமாறவேண்டாம் என்றும், எங்களுக்கு வேறெங்கும் கிளைகள் கிடையாது என்றும் நம் ஊர்க் கடைப் பலகைகளில் காணும் வாசகங்கள் அந்தக் காலத்து அச்சத்தின் எச்சங்கள்.

காஞ்சியின் பட்டுத் தறிக்கு ஆபத்து வெளியிலிருந்து மட்டும் வரவில்லை. வெள்ளியின் விலை ஏற ஏற, செம்புக் கம்பியின்மேல் வெள்ளி முலாம் இட்டு, அதன்மேல் பொன்னிறம் ஏற்றிய ‘ஹாஃப் ஃபைன்’ ஜரிகை சந்தையில் பரவிற்று. அதற்கும் கீழே, உலோகப் பூச்சேற்றிய பிளாஸ்டிக் தாளைக் கத்தரித்து நூலாக்கிய ஜரிகை வந்தது. 1980-இலும் 2011-இலும் உலகச் சந்தையில் வெள்ளி விலை கண்ட உச்சங்களை நினைவுகூர்ந்தால், அசல் ஜரிகையில் நெய்வது சிறு நெசவாளருக்கு எவ்வளவு பாரமாயிற்று என்பது விளங்கும். இன்னொரு புறம், விசைத்தறிகளில் நெய்த புடவைகளும், பட்டே கலவாத செயற்கை இழைப் புடவைகளும், ஆரணி, தர்மவரம் போன்ற ஊர்களில் நேர்மையாக நெய்யப்பட்ட வேறு பட்டுகளும்கூட, கடைக்கு வந்த பிறகு காஞ்சியின் பெயரைச் சூட்டிக்கொண்டன. இந்தக் கடைசி வகையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும்: அந்த ஊர்களின் பட்டுக்குத் தனிப் பெயரும் தனிப் பெருமையும் உண்டு, காஞ்சியின் சீட்டை அதன்மேல் தைக்கும்போது காஞ்சியின் நெசவாளன் வஞ்சிக்கப்படுவதோடு, அதை நெய்த ஆரணி நெசவாளனும் தன் பெயரை இழக்கிறான்.

வியாபாரிகளை மட்டும் குறை கூறி நிறுத்திக்கொள்வது எளிது. அது உண்மையில் பாதியே ஆகும். வாங்குகிறவருடைய மனமும் அந்த வருஷங்களில் மாறிக்கொண்டு வந்தது. ஒரு கல்யாணத்துக்கு மூன்று நான்கு பட்டுகள் எடுத்த வீட்டில், உறவினருக்கெல்லாம் பட்டு வைத்துக் கொடுக்கும் சம்பிரதாயம் பெருகி, எண்ணிக்கை இருபது முப்பது என்று வளர்ந்தது. எண்ணிக்கை வளர்ந்தபோது ஒவ்வொன்றின் விலையும் குறைந்தாக வேண்டும்; பார்வையோ குறையக்கூடாது. நெசவாளர் வீட்டுக்கோ, பெயர் அறிந்த ஜவுளிக்காரரிடமோ போய், கூடத்தில் ஜமக்காளம் விரித்து, குடும்பத்து மூத்த ஸ்திரீ முந்தியைத் திருப்பிப் பின்புறத்து இழைகளைப் பார்த்து, உள்ளங்கையில் வைத்துக் கனத்தை நிதானித்து வாங்கிய காலம் போய், பல மாடிக் கடையின் விளக்கொளியில், தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்து வாங்கும் காலம் வந்தது. பட்டுப்புடவை நாலு முறை உடுத்தப்பட்டு, புகைப்படத்தில் நிலைத்து, பின்னர் அலமாரியில் தங்கும் பொருளாயிற்று. அதை உருக்கப்போகும் நாளை எவரும் நினைக்கவில்லை. நினைக்காதபோது உள்ளே வெள்ளி இருந்தால் என்ன, செம்பு இருந்தால் என்ன என்ற அலட்சியம் தானாகவே வந்துசேர்ந்தது. திண்ணைக்கு வந்த பழம்புடவை வியாபாரியின் தீர்ப்புக்கு இருந்த பலம் இவ்வாறு போய்விட்டது.

பொருளாதார அறிஞர்களான ஜீன் கிராஸ்மன், கார்ல் ஷப்பிரோ என்ற இருவரும் 1988-ஆம் ஆண்டில் எழுதிய ஆராய்ச்சிகளில், போலிச் சந்தையை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள்: ஒன்றில் வாங்குகிறவரே ஏமாற்றப்படுகிறார், மற்றொன்றில் வாங்குகிறவருக்கு உண்மை தெரியும், அதை அணிந்திருப்பதைக் காண்கிறவருக்குத்தான் தெரியாது. நம் நாட்டில் இந்த இரண்டாவது வகைக்குச் சிதம்பரத்துக் கவரிங் நகையைக் காட்டிலும் தெளிவான உதாரணம் இல்லை. செம்பின்மீது பொன்முலாம் பூசிய அந்த நகையை விற்கிறவர் கவரிங் என்று சொல்லியே விற்கிறார். பொன்னைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு ரயில் பிரயாணத்துக்குக் கவரிங் சங்கிலியை அணிந்துகொள்ளும் பெண்ணும், பொன் வாங்க வசதியில்லாமல் அதையே அணிந்து மணமேடை ஏறும் ஏழைப் பெண்ணும் எவரையும் வஞ்சித்தவர்கள் அல்லர். அதைப்போலவே, ஆயிரம் ரூபாய்க்குப் பட்டுப்போன்ற புடவை ஒன்றை அதன் பெயரைச் சொல்லியே விற்று, அறிந்தே ஒருத்தி வாங்கினால், அதில் தோஷம் எதையும் நான் காணவில்லை. பண்டிகைக்கு ஒரு பளபளப்பை விரும்புவது எல்லாருக்கும் உரிய ஆசை. பெயரை மறைத்து, அசலின் விலையையும் வாங்கிக்கொள்ளும்போதுதான் வஞ்சனை பிறக்கிறது. அது பெரும்பாலும் வாங்குகிறவரும் விற்கிறவரும் பேசாமல் விட்டுவிடும் இடத்தில் பிறக்கிறது. “ஜரிகை நல்ல ஜரிகைதானே?” என்று இவர் கேட்கிறார், “நம்ம கடையில வேற வராதுங்க” என்று அவர் சொல்கிறார். இருவரும் திருப்தியோடு பிரிகிறார்கள்; வெள்ளி எத்தனை சதவீதம் என்ற கேள்வி எழவே இல்லை.

அந்த மௌனத்தின் விலையைக் கொடுக்கிறவர் மூன்றாவது மனிதர். கோர்வை என்று காஞ்சியில் சொல்லும் முறையில், உடலுக்கு ஒரு நாடாவும் இருபுறக் கரைகளுக்கு இரண்டு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறவருக்கு அருகில் துணைக்கு ஒருவர், பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையோ மனைவியோ, இருந்து ஒரு கரையின் நாடாவை எறிந்து கொடுக்கவேண்டும். உடலின் நிறமும் கரையின் நிறமும் ஒன்றில் ஒன்று கலவாமல், பல்பல்லாகப் பொருந்தி இழையோடு இழை கோத்துக்கொள்ளும். முந்தியை வேறு நிறத்தில் நெய்வதானால், பழைய பாவின் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் ஓர் இழையைச் சேர்த்துப் பிணைக்கும் பேட்னி வேலை இருக்கிறது. அது முடிந்த இடத்தில் புடவையின் குறுக்கே மெல்லிய தழும்பு போன்ற ஒரு கோடு நிற்கும். இப்படிப் பத்து நாளும் பதினைந்து நாளும் இரண்டு பேர் உழைத்த புடவையும், விசைத்தறியில் விரைந்து இறங்கிய புடவையும், கடையில் ஒரே அடுக்கில், ஒரே பெயரில், ஏறக்குறைய ஒரே நிறத்தில் வைக்கப்பட்டால், வாங்குகிறவர் இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒரு விலையைத்தான் கொடுக்கத் துணிவார். அந்த நடுவிலை விசைத்தறிக்கு லாபம், கைத்தறிக்கு நஷ்டம். ஜார்ஜ் ஏகர்லாஃப் என்ற அமெரிக்க அறிஞர் 1970-இல் பழைய மோட்டார் கார்களின் சந்தையை வைத்து விளக்கிய நியதி இதுவே: தரத்தை அறிய வழியில்லாத சந்தையில் மட்டச்சரக்கு நிலைத்துக்கொள்ள, நல்ல சரக்கு தானாக விலகிப்போகும். காஞ்சியில் விலகிப்போவது சரக்கு மட்டுமன்று. அதை நெய்யத் தெரிந்த கைகளும் விலகிப்போகின்றன. சுற்றிலுமுள்ள தொழிற்சாலைகளுக்குப் பஸ் ஏறிச் செல்லும் நெசவாளர் வீட்டு இளைஞர்களைக் குறை சொல்ல எவருக்கும் அருகதையில்லை.

அரசாங்கம் சும்மா இருந்துவிட்டதென்று சொல்ல முடியாது. காஞ்சியிலேயே ஜரிகை உற்பத்தி செய்து நெசவாளருக்கு நம்பகமான சரக்கைக் கொடுக்கும் நோக்கத்தோடு 1971-இல் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் ஏற்பட்டது. 1985-ஆம் ஆண்டுச் சட்டம் 22 வகைத் துணிகளைக் கைத்தறிக்கு ஒதுக்கிற்று. விசைத்தறியாளர் தொடுத்த வழக்கில் அச்சட்டம் செல்லும் என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே அந்தப் பட்டியல் 11 வகைகளாகச் சுருங்கிற்று. பின்னர் முத்திரைகளின் காலம் வந்தது. 2004-இல் மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் சில்க் மார்க், 2005-இல் காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு, 2006-இல் கைத்தறி முத்திரை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

இந்த முத்திரைகளைப் பற்றி வாங்குகிறவர்களிடையே ஒரு பெரிய மயக்கம் நிலவுகிறது. சில்க் மார்க் சீட்டு, துணியின் இழை சுத்தமான பட்டு என்று மட்டுமே உறுதி கூறுகிறது. அந்தப் பட்டு கைத்தறியில் நெய்ததா, விசைத்தறியில் நெய்ததா, காஞ்சியில் நெய்ததா, வேறெங்காவது நெய்ததா என்பது அதன் விஷயமன்று. ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா என்பதும் அதன் விஷயமன்று. கைத்தறி முத்திரை தறியைப் பற்றிப் பேசுகிறது. வெள்ளியைப் பற்றிப் பேசவில்லை. வெள்ளிக்கும் பொன்னுக்கும் கணக்குச் சொல்வது புவிசார் குறியீட்டின் இலக்கணம் ஒன்றே. ஆனால் கடையில் சில்க் மார்க்கின் ஹாலோகிராம் மின்னுவதைக் கண்டதும், எல்லாக் கேள்விகளுக்கும் அதுவே பதில் என்று எண்ணி, முழு ஜரிகையின் விலையைக் கொடுத்துவிட்டுப் புறப்படுகிறவர்களே அதிகம். முன்பு யானைப் படத்துக்கு இருந்த அதிகாரம் இப்போது இந்தச் சீட்டுக்கு வந்திருக்கிறது.

பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிகம் என்று 1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதற்குப் பதிலாக வந்த 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் சொல்கின்றன. அந்தச் சட்டத்தின் உதவியை நாடுகிறவர், கடைக்காரர் சொன்னது இன்னதென்று நிரூபிக்க வேண்டியிருக்கும். பெரும்பாலான ரசீதுகளிலோ பட்டுப்புடவை ஒன்று என்பதும் அதன் விலையும் தவிர வேறு எதுவும் எழுதப்படுவதில்லை. ஆகவே கல்யாணப் பட்டு எடுக்கப் போகிறவர்கள், ஜரிகையில் வெள்ளி எத்தனை சதவீதம், பொன் எத்தனை சதவீதம் என்று கேட்டு, அந்த எண்களை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லவேண்டும். தயங்காமல் எழுதித் தரும் கடையில் வாங்கவேண்டும். எழுத மறுக்கும் கடையில் புடவை எவ்வளவு அழகாக இருந்தாலும், ஹாஃப் ஃபைன் புடவைக்குரிய விலைக்கு மேல் ஒரு ரூபாயும் கொடுக்கக்கூடாது.